ஹார்வெஸ்ட் என்றால்

ஆங்கிலக்காரர்களுக்குச் சொல்லில் என்ன பஞ்சமோ, ஹார்வெஸ்ட் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறார்கள். வயலில் கதிர் அறுத்தாலும் அதுதான், மரத்தில் பழம் பறித்தாலும் அதுதான். காட்டில் மரம் வெட்டினாலும், கடலில் மீன் பிடித்தாலும், கூரையில் விழுகிற மழைத் தண்ணீரைக் குழாய் போட்டுத் தொட்டிக்கு இறக்கினாலும் அதுவேதான். உரிமம் வாங்கிய வேட்டைக்காரன் ஒரு மானைச் சுட்டுத் தள்ளினால்கூட, அரசாங்கப் படிவத்தில் அந்த மானை அறுவடை செய்ததாகத்தான் எழுதிக் கொடுக்கிறான். விதை போட்டுத் தண்ணீர் ஊற்றியா மானை வளர்த்தான்? கேட்க நாதியில்லை.

கேட்க நாதியில்லாவிட்டாலும், இதையெல்லாம் தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தாள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். மூன்று வயதில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவளுக்கு அண்ணன் வைத்த பெயர் அது, நாற்பத்திரண்டு வயதாகியும் விடவில்லை. அந்த வாயை வைத்தே பிழைத்துக்கொண்டாள் என்பது வேறு விஷயம். ஆஸ்பத்திரி, நீதிமன்றம், போலீஸ் நிலையம், நகராட்சி அலுவலகம் என்று எங்கெல்லாம் தமிழர் ஒருவர் ஆங்கிலம் தெரியாமல் திருதிருவென்று விழிக்கிறாரோ, அங்கெல்லாம் போய் நடுவில் உட்கார்ந்து பேசிக் கொடுப்பது அவள் வேலை. பதினொரு வருஷமாக அதைச் செய்கிறாள்.

அவளிடம் ஒரு கெட்டி அட்டை நோட்டு உண்டு. ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். ஹார்வெஸ்டுக்கு ஒரு பக்கம் போதாமல் மேலும் இரண்டு தாளை ஒட்டி மடித்து வைத்திருந்தாள். அந்தப் பக்கத்தின் முதல் வரியே அண்ணனால் வந்தது. அவளுக்கு முன்னால் இந்த வெளிநாட்டு ஊருக்கு வந்து, தக்காளி வளர்க்கும் பசுமைக்குடில் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவன் அவன். அவள் வந்து சேர்ந்ததும், தன் ஒப்பந்தத் தாளைப் படித்துச் சொல்லும்படி நீட்டினான். "அறுவடைக் காலத்துல வாரத்துக்கு ஆறு நாள் வேலைன்னு போட்டிருக்கு" என்று அவள் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான். "தக்காளிய எவன்டி அறுப்பான்? பறிப்பாங்கடி, வாயாடி!" அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, நோட்டில் அறுவடையை அடித்துவிட்டுப் பறிப்புக் காலம் என்று எழுதினாள்.

இரண்டாவது வரி ஒரு பெரியவரால் வந்தது. இதயத்தில் அடைப்பு, காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து நெஞ்சில் வைத்துத் தைக்க வேண்டும். டாக்டர் ஹார்வெஸ்ட் என்றார். அப்போது தொழிலுக்குப் புதிது, இவள் பாட்டுக்கு அறுவடை என்று சொல்லி வைத்தாள். "என் கால்ல என்னம்மா வெளஞ்சு கெடக்கு அறுவடை பண்றதுக்கு?" என்று கேட்டு, அன்று சாயங்காலம் வரை அந்த மனிதர் கையெழுத்துப் போடவில்லை. கருத்தரிப்பு மருத்துவமனையில் கருமுட்டையை 'சேகரிப்பது' என்றும், தொலைபேசி எண்களைத் திருடிய வழக்கில் தகவலைத் 'திரட்டுவது' என்றும் அப்புறம் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள்.

கடைசி வரியைச் சிவப்பில் எழுதியிருந்தாள். இறந்தவரின் உறுப்புகளைத் தானமாகக் கேட்கும்போது டாக்டர் என்ன சொன்னாலும், தமிழில் 'எடுத்துக்கொள்வது' என்றுதான் வர வேண்டும். அறுப்பது என்ற பேச்சே வாயில் வரக் கூடாது, வந்தால் குடும்பம் மிரண்டுவிடும், அதோடு எல்லாம் போயிற்று. இதை அவள் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. தனக்கு வேலை கொடுக்கும் மொழிபெயர்ப்பு அலுவலகத்தின் வழிகாட்டித் தாளில் ஏற்றி, அங்கே இருந்த இன்னொரு தமிழ் மொழிபெயர்ப்பாளரிடம் பத்துத் தடவை ஒப்பிக்க வைத்தாள். அந்த ஆள் இப்போதும் அவளைக் கண்டால் ஒதுங்கித்தான் போவார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு அவளுடைய போன் அதிர்ந்தது. அலுவலகத்திலிருந்து வேலை வந்திருந்தது. மொழி தமிழ், இடம் தீவிர சிகிச்சைப் பிரிவு, நேரம் பதினொரு மணி, குடும்பத்தாருடன் சந்திப்பு, படுக்கை எண் ஒன்பது. அவள் அந்த ஒன்பதாம் படுக்கைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். படுத்திருந்தது அண்ணன்.

சனிக்கிழமை வேலைக்கு நடுவில், தக்காளிப் பெட்டியைத் தூக்கப் போனவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. நாற்பத்தொன்பது வயது. அன்றிலிருந்து கண் திறக்கவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, இரண்டு டாக்டர்கள் வந்து கண்ணில் வெளிச்சம் அடித்தார்கள், காதில் குளிர்ந்த தண்ணீர் விட்டார்கள், சுவாசக் கருவியைச் சற்று நிறுத்தித் தானாக மூச்சு விடுகிறானா என்று பார்த்தார்கள். இந்தப் பரிசோதனைகள் எதற்கு என்று வாயாடிக்கு நன்றாகவே தெரியும். எட்டுக் குடும்பத்துக்கு அவளே விளக்கிச் சொல்லியிருக்கிறாள். அண்ணியிடம் மட்டும் சொல்லவில்லை. "என்னமோ டெஸ்ட் பண்றாங்க அண்ணி, நாளைக்குச் சொல்லுவாங்க," என்று முடித்துக்கொண்டாள்.

அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று தோன்றவும் இல்லை. மூன்று நாளாக உடம்பு மரத்துப் போய்க் கிடந்தது. யாரோ காபி கொண்டுவந்து கொடுத்தால் குடித்தாள், சூடா ஆறியதா என்று தெரியவில்லை. மருந்துப் பை தொங்கும் கம்பியின் நாலு சக்கரத்தில் ஒன்று மட்டும் வேறு நிறமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே ஒரு முழு மணி நேரம் போயிருக்கிறது. வேலை வந்த செய்தியைப் பார்த்தபோதும் அவளுக்கு முதலில் தோன்றியது, படுக்கை எண்ணைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்பதுதான்.

அலுவலகத்துக்குப் போன் போட்டாள். வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் பெண் எடுத்தாள்.

"இந்தப் படுக்கையில் இருப்பவர் என் அண்ணன்," என்றாள் வாயாடி. அந்தப் பெண் பதறிப் போய் மன்னிப்புக் கேட்டாள். சொந்தக்காரருக்கு மொழிபெயர்க்கக் கூடாது என்பது அலுவலகத்தின் முதல் விதி. இன்னொரு தமிழ் ஆள் நீதிமன்றத்தில் ஒரு வழக்கில் மாட்டிக்கொண்டிருந்தார், புதன் சாயங்காலத்துக்கு முன்னால் வர வழியில்லை. போன் வழியாக வேறு ஊரிலிருந்து ஓர் ஆளைப் பிடித்துத் தரலாம் என்றாள் அந்தப் பெண்.

அண்ணியிடம் கேட்டபோது அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அண்ணனின் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "மூஞ்சி தெரியாத ஆள்கிட்ட நான் பேச மாட்டேன். நீதான் இருக்கியே, உனக்கு என்ன வந்துச்சு?"

உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பெண்மணி ஆஸ்பத்திரியில் உண்டு. வாயாடியோடு பல தடவை வேலை பார்த்தவள். அவள் வந்து, இது முறையில்லை என்று தனக்குத் தெரியும், ஆனால் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வருகிறது, நாளைச் சாயங்காலம் வரை உடம்பு தாங்காது என்று தணிந்த குரலில் சொன்னாள். எதற்குத் தாங்காது என்று அவள் சொல்லவில்லை. வாயாடி கேட்கவும் இல்லை. போனை எடுத்து 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தினாள். கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். மாட்டியதும் முதுகு தானாக நிமிர்ந்தது.

குடும்பத்தாரைச் சந்திக்கும் அறை நடைபாதையின் கோடியில் இருந்தது. நாலு நாற்காலி, வட்ட மேசை, ஒரு டப்பா காகிதக் கைக்குட்டை, சுவரில் ஆளில்லாத படகு ஒன்றின் படம். டாக்டருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும், நல்ல மனிதர், கண்ணைப் பார்த்துப் பேசுகிறவர். அவருக்குப் பக்கத்தில் ஒருங்கிணைப்பாளர் மடியில் ஒரு கோப்போடு உட்கார்ந்தாள். எதிரே அண்ணி. அண்ணிக்குப் பக்கத்தில், அரை அடி பின்தள்ளி வாயாடி. மொழிபெயர்ப்பாளர் அப்படித்தான் உட்கார வேண்டும், பேசுகிற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டுமே தவிர, நடுவில் இருக்கிறவளைப் பார்க்கக் கூடாது.

தொடங்குவதற்கு முன்னால் சொல்ல வேண்டியது என்று ஒன்று இருக்கிறது. அதை அவள் சொன்னாள்.

"நான் மொழிபெயர்ப்பாளர். இங்க பேசறது எல்லாத்தையும் ஒண்ணு விடாம ரெண்டு மொழியிலயும் சொல்லுவேன். எதையும் சேர்க்க மாட்டேன், எதையும் குறைக்க மாட்டேன். டாக்டர் 'நான்'னு சொன்னா நானும் 'நான்'னுதான் சொல்லுவேன், அது டாக்டர் பேசறது. நீங்க 'நான்'னு சொன்னாலும் அப்படியேதான். நான் என்னைப் பத்திச் சொல்லணும்னா 'மொழிபெயர்ப்பாளர்'னு சொல்லுவேன்."

அண்ணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். பதினாலு வருஷம் ஒரே சமையலறையில் புழங்கியவர்கள் இருவரும். "என்னடி இது, என்கிட்டயே அறிமுகம் பண்ணிக்கற?"

அதையும் வாயாடி ஆங்கிலத்தில் சொன்னாள். எதையும் குறைப்பதில்லை என்று சொன்னாளே. டாக்டர் என்ன செய்வதென்று தெரியாமல் மெல்லச் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்.

பிறகு அவர் பேசினார். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினார். ஒவ்வொன்றையும் அவள் வாங்கித் தமிழில் வைத்தாள்.

"நானும் இன்னொரு டாக்டரும் தனித்தனியா ரெண்டு தடவை பரிசோதனை பண்ணினோம். உங்க கணவரோட மூளை முழுசா நின்னு போச்சு. அது திரும்பி வராது. எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. உங்க கணவர் இறந்துட்டாரு."

'உங்க கணவர்' என்றாள். குரல் எங்கும் தடுக்கவில்லை. பதினொரு வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக அவள் மொழிபெயர்த்ததில்லை. யாரோ ஒருவருடைய கணவரைப் பற்றிய செய்தி காது வழியாக வந்து வாய் வழியாகப் போயிற்று, நடுவில் நெஞ்சு என்று ஒன்று இருப்பதாகவே அவளுக்குத் தெரியவில்லை.

"நெஞ்சு ஏறி எறங்குதே?" என்றாள் அண்ணி. "கை சூடா இருக்கே? இப்பதானே நான் புடிச்சிட்டு வந்தேன்?"

டாக்டர் சொன்னார், அவள் சொன்னாள். "அது மெஷின் விடற மூச்சு. மெஷின் இருக்கறதால இதயம் ஓடுது, அதனால உடம்பு சூடா இருக்கு. மெஷின நிறுத்தினா கொஞ்ச நேரத்துல எல்லாம் நின்னுடும்."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். சத்தமே வரவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது. வாயாடியின் கை அந்த முதுகுக்குப் போகப் பார்த்தது. மொழிபெயர்ப்பாளர் யாரையும் தொடக் கூடாது. கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். ஒருங்கிணைப்பாளர் எழுந்து வந்து அண்ணியின் தோளில் கை வைத்தாள்.

அண்ணி நிமிர ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குமேல்தான் ஒருங்கிணைப்பாளர் பேச வேண்டும், அதற்கென்று பயிற்சி பெற்றவள் அவள். ஆனால் அண்ணி டாக்டரைப் பார்த்தே கேட்டுவிட்டாள். "இப்ப என்ன பண்ணப் போறீங்க அவர?"

டாக்டர் பதில் சொன்னார். நல்ல மனிதர்தான், ஆனால் பழைய ஆள், பழைய பேச்சு. நீங்கள் சம்மதித்தால் அவருடைய இதயம், ஈரல், சிறுநீரகங்கள் மற்றவர்களுக்குப் பயன்படும், நாளைக் காலையில் அவற்றை ஹார்வெஸ்ட் செய்யலாம் என்றார். ஒருங்கிணைப்பாளர் கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தாள். அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள் என்று அவரிடம் எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாளோ.

வாயாடிக்கு அந்தச் சொல் எட்டிய பிறகுதான் மூன்று நாளில் முதல்முறையாக உள்ளே ஏதோ ஒன்று அசைந்தது. துக்கம் இல்லை அது. கோபம் என்றும் சொல்ல முடியாது. என் அண்ணனைத் தொடாதே என்று மட்டும் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை. யாருக்கு இதயம் வேண்டும், யார் எந்தப் படுக்கையில் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. எட்டுக் குடும்பத்திடம் எவ்வளவு பதமாக இதே செய்தியைச் சொல்லியிருக்கிறாள்! அவர்கள் சரி என்று சொன்னபோதெல்லாம் வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறாள். இப்போது முடியாது என்று இருந்தது.

வாய் முந்திக்கொண்டது என்று பின்னால் ஒரு சாக்குச் சொல்லலாம்தான். ஆனால் அவள் தெரிந்தே சொன்னாள்.

"நீங்க சம்மதிச்சா, அவரோட இதயம், ஈரல், கிட்னி எல்லாத்தையும் நாளைக்குக் காலையில நாங்க அறுத்து எடுத்துக்குவோம். அது மத்தவங்களுக்குப் பயன்படும்."

அகராதியைக் கொண்டுவந்து வைத்தாலும் அவளை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஹார்வெஸ்ட் என்றால் அறுப்பதுதான், பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அண்ணி நாற்காலியோடு பின்னால் போனாள். "அறுக்கறதா? அய்யோ, வேண்டாம். வேண்டவே வேண்டாம். முழுசா குடுத்துடச் சொல்லு."

எனக்கு வேண்டாம், அவரை முழுதாக எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள் வாயாடி. டாக்டர் தலையசைத்தார். உங்கள் முடிவை மதிக்கிறோம் என்றார். ஒருங்கிணைப்பாளர் கோப்பை மூடினாள். அவ்வளவுதான், மூன்று நிமிஷத்தில் முடிந்துபோயிற்று. அண்ணனை இனி யாரும் தொட மாட்டார்கள். வாயாடிக்கு அதில் சந்தோஷமும் வரவில்லை, வேலை முடிந்தது என்றுதான் இருந்தது.

அண்ணி மட்டும் முடிக்கவில்லை. தனக்குத்தானே பேசுவதுபோல், மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவரா இருந்தா குடுத்திருப்பாரு. யாரு எது கேட்டாலும் இல்லைன்னு சொல்லத் தெரியாத மனுஷன். குடுத்துடுன்னுதான் சொல்லியிருப்பாரு. ஆனா அறுக்கறோம்னு சொல்றாங்களே, அதக் கேட்டுட்டு நான் எப்படி சரின்னு சொல்றது?"

இதை மொழிபெயர்க்காமல் விட்டிருக்கலாம். டாக்டருக்கு என்ன தெரியப்போகிறது? துக்கத்தில் ஏதோ முனகுகிறாள் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போயிருப்பார். அவர் எழுந்துகொள்ள நாற்காலியின் கையைப் பிடித்தும்விட்டார். ஆனால் வாயாடி பதினொரு வருஷத்தில் ஒரு வாக்கியத்தையும் விட்டதில்லை. திருடனின் பொய்யையும் விட்டதில்லை, நீதிபதியின் தும்மலுக்குப் பிறகு வந்த மன்னிப்பையும் விட்டதில்லை. ஒரு சொல்லைக் கோணலாக வைக்க முடிந்தவளுக்கு, ஒரு சொல்லை விழுங்க முடியவில்லை. வாய் தன்பாட்டில் திறந்தது. அவராக இருந்தால் கொடுத்திருப்பார் என்றது. அறுப்போம் என்று இவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு நான் எப்படிச் சம்மதிப்பது என்றது.

ஒருங்கிணைப்பாளர் நிமிர்ந்து பார்த்தாள். அறுப்பது என்று யார் சொன்னார்கள் என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியையும் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னாள். "அறுக்கறதுன்னு யாரு சொன்னாங்க?"

"நீதானே சொன்ன?" என்றாள் அண்ணி.

அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருக்கவும் முடியாதே. இப்படி ஆகும்போது செய்வதற்கென்று தொழிலில் ஒரு முறை உண்டு. அதை அவள் செய்தாள். மொழிபெயர்ப்பாளர் ஒரு பிழை செய்துவிட்டார், அதைத் திருத்திக்கொள்ள அனுமதி கேட்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். ஒருங்கிணைப்பாளரின் முகம் மாறியது. அந்தச் சொல் கூடாது என்று சிவப்பில் எழுதி அலுவலகம் முழுக்கச் சுற்றுக்கு விட்டவள் யார் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் தலையசைத்தாள்.

"மொழிபெயர்ப்பாளர் ஒரு தப்பு பண்ணிட்டாங்க," என்றாள் வாயாடி அண்ணியிடம். "டாக்டர் சொன்னது, உறுப்புகள எடுத்துக்கிறதுன்னு அர்த்தம். ஆபரேஷன் தியேட்டர்ல, உயிரோட இருக்கறவங்களுக்கு எப்படிப் பண்ணுவாங்களோ அப்படியே பண்ணுவாங்க. தையல் போட்டு மூடிடுவாங்க. மரியாதையோட பண்ணுவாங்க."

அண்ணி அவள் முகத்தையே பார்த்தாள். திட்டவில்லை. என்ன புரிந்ததோ, டாக்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மூஞ்சியத் தொடுவாங்களா?"

"இல்ல. முகத்துல ஒண்ணும் பண்ண மாட்டோம்."

"சட்ட போட்டா வெளிய தெரியுமா?"

"தெரியாது."

"அவருக்கு வலிக்குமா?"

டாக்டர் அண்ணியின் கண்ணைப் பார்த்து, வலிக்காது, அவர் இறந்துவிட்டார், இனி அவருக்கு எதுவுமே வலிக்காது என்றார். "வலிக்காது. அவரு இறந்துட்டாரு. இனிமே அவருக்கு எதுவுமே வலிக்காது," என்றாள் வாயாடி.

"அந்த இதயம் யாருக்குப் போகும்?" என்று கேட்டாள் அண்ணி. அதைச் சொல்ல முடியாது என்றார்கள். ஆணா பெண்ணா என்றுகூட இப்போது தெரியாது என்றார்கள். "நல்லவனோ கெட்டவனோ, யாராவது இருந்துட்டுப் போகட்டும்," என்று அண்ணி சொன்னதை வாயாடி மொழிபெயர்த்தபோது, சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று ஒருங்கிணைப்பாளர் மெதுவாகக் கேட்டாள். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கோப்பைப் பார்த்தாள். ஒருங்கிணைப்பாளர் கோப்பைத் திறந்து படிவத்தை எடுத்தாள், பேனாவின் மூடியைக் கழற்றினாள், அப்புறம் படிவத்தில் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். இறந்தவரின் நெருங்கிய உறவினர் வேறு யாருக்காவது ஆட்சேபனை உண்டா?

வாயாடி அண்ணியைப் பார்த்துச் சொன்னாள். "அவரோட நெருங்கிய சொந்தக்காரங்க வேற யாருக்காவது இதுல ஆட்சேபனை இருக்கா?"

சொல்லிவிட்டு, பதில் வரட்டும் என்று காத்திருந்தாள். கை மடியில், முதுகு நேராக, எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வாங்கி மறுபக்கம் வைக்கத் தயாராக. டாக்டர் அவளைப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளர் அவளைப் பார்த்தாள். எதற்காக எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள், மொழிபெயர்ப்பாளரைப் பார்க்கக் கூடாதே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"உன்னத்தான்டி கேக்கறாங்க," என்றாள் அண்ணி. "இருக்கா?"

அவள் வாயைத் திறந்தாள். மொழிபெயர்க்க எதிரில் வாக்கியமே இல்லை.

"சொல்லுடி. அவரு உனக்கு அண்ணன்."

"இருக்கு அண்ணி," என்றாள் வாயாடி. குரல் அவளுடையதாகவே இல்லை, சின்னப் பிள்ளையின் குரல்போல உடைந்து வந்தது. "எனக்கு இஷ்டமில்ல. அண்ணன யாரும் தொடக் கூடாது. அதுக்குத்தான் அப்படிச் சொன்னேன். தப்பா வந்துடல அண்ணி, வேணும்னுதான் சொன்னேன்."

"தெரியும்," என்றாள் அண்ணி.

"எப்படித் தெரியும்?"

"நீ எப்பவாவது தப்பாச் சொல்லியிருக்கியா?"

அண்ணி கையை நீட்டி, வாயாடியின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை திரும்பிக்கொண்டிருந்ததைச் சரியாக்கிவிட்டாள். பிறகு அந்தக் கை அவள் கன்னத்துக்குப் போயிற்று. "எனக்கும்தான்டி இஷ்டமில்ல. யாருக்கு இருக்கும்? வெள்ளிக்கிழமை ராத்திரி வரைக்கும் என் பக்கத்துல படுத்த உடம்பு. இருந்தாலும் குடுத்துடுவோம். அவரு குடுத்திருப்பாருன்னு தெரிஞ்சும் குடுக்காம வீட்டுக்குப் போனா, அந்த வீட்டுல நாம ரெண்டு பேரும் எப்படி ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கறது?"

வாயாடி தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் இன்னும் வரவில்லை. ஆனால் வலித்தது, மூன்று நாளில் அவளுக்கு வலித்தது அதுதான் முதல்.

டாக்டர் மரியாதையாகக் குறுக்கிட்டு, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாமா என்றார்.

அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். "எங்கள் இரண்டு பேருக்கும் மனமில்லை. இருந்தாலும் தருகிறோம். எடுத்துக்கொள்ளுங்கள்."

ஒருங்கிணைப்பாளரின் பேனா படிவத்துக்கு மேலே நின்றது. ஆட்சேபனை உண்டு, ஆட்சேபனை இல்லை என்று அதில் இரண்டே கட்டங்கள்தான் இருந்தன. மன்னித்துக்கொள்ள வேண்டும், இதில் எந்தக் கட்டத்தில் குறி போடுவது என்று தயங்கிக் கேட்டாள். வாயாடி அதை அண்ணியிடம் சொன்னாள்.

"ரெண்டுலயும் போடச் சொல்லு," என்றாள் அண்ணி. அதையும் வாயாடி ஒரு சொல் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னாள்.